2 வருட கிரீன் கார்டு: ஐ-751 மனு போட மறந்தால் என்ன ஆகும்? தேதி தாண்டிய பிறகும் வழி இருக்கா?

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கே போகிறவர்களுக்கு, போய் இறங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ கிரீன் கார்டு தபாலில் வந்துவிடும். "அப்பாடா, விசா தொல்லை விட்டது" என்று கார்டை பர்ஸில் வைத்துவிட்டு வேலை, வீடு, குழந்தை என்று வாழ்க்கையில் இறங்கிவிடுகிறார்கள். அந்தக் கார்டில் அச்சாகியிருக்கும் காலாவதி தேதியைப் பலரும் கவனிப்பதில்லை. சாதாரண கிரீன் கார்டுக்கு ஆயுள் 10 வருடம். இவர்களுக்கு வருவது 2 வருடக் கார்டு.

இந்த 2 வருடம் முடிவதற்குள் 'ஐ-751' என்ற மனுவைப் போட்டாக வேண்டும். போடவில்லை என்றால் காலாவதியாவது கார்டு மட்டுமல்ல, அமெரிக்காவில் நிரந்தரமாக வாழும் உரிமையே போய்விடும். தேதியைத் தவறவிட்டவர்களுக்கு என்ன நடக்கும், இன்னும் என்னென்ன கதவுகள் திறந்திருக்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

யாருக்கு இந்த 2 வருடக் கார்டு?

நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைக்கும் நாளில் உங்கள் திருமணத்துக்கு 2 வயது நிறையவில்லை என்றால், உங்களுக்குக் கிடைப்பது 'நிபந்தனையுடன் கூடிய' கிரீன் கார்டு. கார்டில் வகை என்ற இடத்தில் சிஆர்1 அல்லது சிஆர்6 என்று இருக்கும். இந்தியாவிலிருந்து குடியேற்ற விசாவில் போனவர்களுக்கு சிஆர்1. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே அந்தஸ்தை மாற்றிக்கொண்டவர்களுக்கு சிஆர்6.

1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த குடிவரவுத் திருமண மோசடித் திருத்தச் சட்டம்தான் இதற்குக் காரணம். கிரீன் கார்டுக்காக மட்டும் பேப்பரில் கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள் என்ற புகார் அப்போது பெரிதாக இருந்தது. அதனால் புதுமணத் தம்பதிகளுக்கு முதலில் 2 வருடம் கொடுப்போம், கல்யாணம் உண்மையானதுதானா என்று பிறகு இன்னொரு முறை பார்ப்போம் என்று முடிவானது. அந்த இரண்டாவது பரிசோதனைதான் ஐ-751.

நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. ஐடி கம்பெனி மூலமாக, எச்-1பி வழியாக கிரீன் கார்டு வாங்கியவரின் மனைவியாகவோ கணவராகவோ அதே விண்ணப்பத்தில் சேர்ந்து வாங்கியவர்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. அவர்களுக்கு நேராக 10 வருடக் கார்டுதான். "எங்க அக்காவுக்கு இப்படி எதுவும் போடச் சொல்லலையே" என்று சொந்தக்காரர் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அக்காவுடைய கார்டு வேறு வகையாக இருக்கலாம்.

எப்போது போட வேண்டும்?

இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய 90 நாட்கள்தான் அவகாசம். உதாரணமாக, கார்டில் காலாவதி தேதி 2026 அக்டோபர் 15 என்று இருந்தால், ஜூலை 17 முதல் மனு போடலாம். அக்டோபர் 15-க்கு முன்பு மனு குடிவரவுத் துறையின் கையில் இருக்க வேண்டும். 90 நாளுக்கு முன்னாடியே அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

'கையில் இருக்க வேண்டும்' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் தபாலில் போட்ட நாள் கணக்கில் வராது, அவர்கள் பெற்றுக்கொண்ட நாள்தான் கணக்கு. கையெழுத்து விட்டுப்போனாலோ, கட்டணம் தப்பாக இருந்தாலோ மனு அப்படியே திரும்பி வரும். திரும்பி வந்த மனுவுக்குப் 'பெற்ற நாள்' கிடையாது. கடைசி வாரத்தில் அனுப்பி, ஒரே ஒரு கையெழுத்துக்காகத் திரும்பி வந்து, அதற்குள் தேதி தாண்டிவிடுகிற ஆபத்து இதில்தான் இருக்கிறது. கணவன், மனைவி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டிய மனு இது. கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 750 டாலர். கட்டணமும், அதை எப்படிச் செலுத்த வேண்டும் என்பதும் மாறக்கூடியவை. அனுப்புகிற அன்றே குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு தப்பு: கார்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று நினைத்து ஐ-90 என்ற படிவத்தைப் போடுவது. அது 10 வருடக் கார்டைப் புதுப்பிக்கவும், தொலைந்த கார்டுக்கு மாற்றுக் கார்டு வாங்கவும் உள்ள படிவம். நிபந்தனையை நீக்க அது உதவாது. ஐ-90 போட்டுவிட்டு "அப்ளை பண்ணியாச்சு" என்று நிம்மதியாக இருப்பவருக்கு, சட்டத்தின் பார்வையில் எதுவுமே போடவில்லை என்றுதான் கணக்கு.

"எனக்கு யாரும் ஞாபகப்படுத்தலையே?"

நியாயமான கேள்விதான். 90 நாள் ஆரம்பிக்கும்போது அறிவிப்பு அனுப்ப அரசு முயற்சி செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே, அறிவிப்பு வராமல் போனாலும் விளைவுகள் மாறாது என்றும் சொல்லிவிடுகிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான். வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரியைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதைச் செய்யாதவர்களுக்கு வர வேண்டிய கடிதங்கள் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

தேதி தாண்டினால் என்ன நடக்கும்?

10 வருடக் கார்டு காலாவதியானால் கார்டுதான் காலாவதி. அந்த நபரின் நிரந்தரக் குடியிருப்பு உரிமை அப்படியே இருக்கும், புதுக் கார்டு வாங்கினால் போதும். 2 வருடக் கார்டு அப்படி இல்லை. மனு போடாமல் இரண்டாம் ஆண்டு நிறைவு தாண்டினால் அந்த உரிமை தானாகவே முடிவுக்கு வந்துவிடும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. அதோடு வேலை செய்யும் உரிமை, வெளிநாடு போய்த் திரும்பி வரும் உரிமை எல்லாமே ஆட்டம் காணும்.

அடுத்த கட்டமாக, குடிவரவு நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் வரும். இது நாட்டைவிட்டு வெளியேற்றும் நடவடிக்கையின் ஆரம்பம். இந்த நோட்டீஸ்களை இன்னும் பரவலாக அனுப்பும் வகையில் 2025 பிப்ரவரி 28 அன்று குடிவரவுத் துறை புதிய கொள்கைக் குறிப்பு வெளியிட்டது. அதனால் "லேட்டானாலும் பெருசா கேக்க மாட்டாங்க" என்று முன்பு சொன்னவர்களின் அனுபவத்தை இப்போது நம்ப முடியாது.

நோட்டீஸ் வந்தால் பயந்துகொண்டு நீதிமன்றத்துக்குப் போகாமல் இருப்பதுதான் மிக மோசமான முடிவு. நீங்கள் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவு போட்டுவிடுவார்கள். போனால் பேச இடம் உண்டு, போகாவிட்டால் அதுவும் இல்லை.

சரி, தேதி தாண்டிடுச்சு. இப்போ என்ன பண்றது?

முதல் விஷயம்: கல்யாண வாழ்க்கை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, மறந்துவிட்டீர்கள் அல்லது ஏதோ நடந்துவிட்டது என்றால், தாமதமாகவும் கூட்டு மனு போடலாம். அதற்கு விதியில் இடம் இருக்கிறது. தாமதத்துக்கு 'தகுந்த காரணம்' இருந்தது என்று எழுத்துபூர்வமாகக் காட்ட வேண்டும். அதிகாரி அதை ஏற்று மனுவை அங்கீகரித்தால், போன உரிமையைத் திரும்பக் கொடுத்து, நிபந்தனையையும் நீக்கி, அனுப்பிய நோட்டீஸ் ஏதாவது இருந்தால் அதையும் ரத்து செய்ய வேண்டும் என்று விதி சொல்கிறது.

இதில் நேரம் முக்கியம். வழக்கு முறைப்படி குடிவரவு நீதிபதியின் கைக்குப் போவதற்கு முன் மனு போட்டுவிட்டால், குடிவரவுத் துறையே முடிவு செய்துவிடலாம். அதற்குப் பிறகு என்றால், நீங்களும் அரசுத் தரப்பு வழக்கறிஞரும் சேர்ந்து கேட்டால்தான் நீதிபதி வழக்கை முடித்துவைக்க முடியும். இன்றைக்கு ஒரு வாரம் தாமதமாக இருப்பதும், ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்தில் நின்றுகொண்டு போடுவதும் ஒன்றல்ல. தேதி தாண்டியது தெரிந்த அன்றே வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

எது தகுந்த காரணம்?

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது, நீண்டகால நோய், குடும்பத்தில் மரணம், அண்மையில் குழந்தை பிறந்தது (பிரசவத்தில் சிக்கல் இருந்திருந்தால் இன்னும் வலு), குடும்பத்தில் ஒருவர் ராணுவப் பணியில் இருந்தது போன்றவற்றைக் குடிவரவுத் துறை உதாரணங்களாகச் சொல்லியிருக்கிறது. இது முழுப் பட்டியல் அல்ல. ஒவ்வொரு மனுவையும் அதிகாரி தனித்தனியாக எடைபோடுவார்.

"எனக்குத் தெரியாது", "தேதியைப் பார்க்கவில்லை" என்பது மட்டும் தனியாக நின்றால் வலுவான காரணம் அல்ல. அதற்காகப் பொய்யாக ஒரு நோயைக் கண்டுபிடிக்கவும் கூடாது. பொய் தெரிந்துவிட்டால் தாமதம் என்ற சின்னப் பிரச்னை, மோசடி என்ற பெரிய பிரச்னையாகிவிடும். நடந்ததை நடந்தபடி எழுதுவதே பாதுகாப்பு.

அந்த விளக்கக் கடிதம்தான் இந்த மனுவின் உயிர்நாடி. நான்கு பக்கம் உருக்கமாக எழுதுவதைவிட, தேதிவாரியாக ஒரு பக்கம் எழுதுவது மேல். 90 நாள் அவகாசம் எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எப்போது முடிந்தது, அந்த நாட்களில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது, தேதி தாண்டியதை எப்போது தெரிந்துகொண்டீர்கள், தெரிந்த பிறகு எத்தனை நாளில் மனு அனுப்பினீர்கள். இந்த வரிசை தெளிவாக இருந்தால் அதிகாரிக்குப் புரிந்துகொள்வது சுலபம். கடைசிக் கேள்விக்கான பதில் சின்ன எண்ணாக இருப்பது உங்களுக்கு நல்லது.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆதாரம் இணைக்கப் பாருங்கள். உதாரணமாக, அப்பா இறந்து ஊருக்கு ஓடி வந்தீர்கள், காரியம் முடித்து, அம்மாவைத் தனியாக விட முடியாமல் 2 மாதம் இருந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இறப்புச் சான்றிதழ், விமான டிக்கெட், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை எல்லாம் அந்தக் கதையைச் சொல்லும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், 'இது சரியான மொழிபெயர்ப்பு, எனக்கு இரண்டு மொழியும் தெரியும்' என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேர்த்து அனுப்ப வேண்டும். உடல்நிலை காரணம் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி. வழக்கறிஞர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்றால், நீங்கள் அவருக்குப் பணம் கட்டிய ரசீதும் அனுப்பிய இமெயில்களும்.

கடிதத்தோடு, வழக்கமான ஐ-751 ஆதாரங்களும் போக வேண்டும். இரண்டு பேர் பெயரிலும் உள்ள வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக்கடன், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, இன்சூரன்ஸ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். கல்யாண ஆல்பம் மட்டும் போதாது. நம்மூர்க் கல்யாணத்தில் 1,000 பேர் சாப்பிட்டது உண்மைதான், ஆனால் அதிகாரி பார்க்க விரும்புவது கல்யாணத்துக்குப் பிறகான 2 வருட வாழ்க்கையை.

மனு போட்டதும் ரசீது நோட்டீஸ் வரும். கார்டின் செல்லுபடிக் காலத்தை நீட்டிக்கும் கடிதம் இது. ஒரு காலத்தில் 18 மாதம், பிறகு 24 மாதம் என்று இருந்த இந்த நீட்டிப்பு, 2023 ஜனவரி 25 முதல் 48 மாதமாக இருக்கிறது. மனுக்கள் அவ்வளவு தாமதமாக முடிகின்றன என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன. தாமதமாகப் போட்டவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ரசீது வந்துவிட்டால் தாமதத்தை மன்னித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அதிகாரி மனுவை எடுத்துப் பார்க்கும்போதுதான் அது முடிவாகும். கைரேகை பதிவுக்கோ நேர்காணலுக்கோ கூப்பிட்டால் தவறாமல் போயே ஆக வேண்டும்.

விவாகரத்து ஆகிவிட்டால்? கணவர் கையெழுத்துப் போட மறுத்தால்?

பலருக்குத் தெரியாத, ஆனால் தெரிந்தே ஆக வேண்டிய பகுதி இது. "நான் கையெழுத்து போட்டாத்தான் நீ இந்த நாட்ல இருக்க முடியும்" என்ற மிரட்டலுக்குப் பயந்து பல பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். சட்டத்தில் அது உண்மை அல்ல.

கூட்டு மனு போட முடியாதவர்கள் விலக்கு கேட்டுத் தனியாக அதே ஐ-751 படிவத்தைப் போடலாம். உண்மையான கல்யாணம்தான், ஆனால் விவாகரத்தில் முடிந்துவிட்டது என்பது ஒரு காரணம். கல்யாணத்துக்குள் அடி உதை அல்லது கடுமையான கொடுமை என்பது இன்னொன்று. நாட்டைவிட்டு அனுப்பினால் மிகக் கடுமையான துன்பம் நேரும் என்பதும் ஒரு காரணம். துணை இறந்துவிட்டாலும் தனியாக மனு போடலாம்.

இந்த விலக்கு மனுக்களுக்கு அந்த 90 நாள் கெடு கிடையாது. 90 நாளுக்கு முன்பும் போடலாம், அதற்குள்ளும் போடலாம், தேதி தாண்டிய பிறகும் போடலாம். வெளியேற்ற உத்தரவு இறுதியாகும் வரை வழி இருக்கிறது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டிய அவசியமும் இதில் இல்லை. தேதி போய்விட்டதே என்று விவாகரத்தான ஒருவர் நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருந்தால், அவருக்கு இந்த ஒரு தகவல் போய்ச் சேர வேண்டும்.

விவாகரத்து வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் கொஞ்சம் சிக்கல். விவாகரத்தைக் காரணம் காட்டும் விலக்குக்கு இறுதித் தீர்ப்பின் நகல் வேண்டும். தீர்ப்பு வருவதற்கு முன் மனு போட்டால், அதை அனுப்பச் சொல்லிக் கடிதம் வரும், அதற்கு ஒரு கெடுவும் இருக்கும். பிரிந்திருந்தாலும் இன்னும் விவாகரத்து ஆகவில்லை, இரண்டு பேரும் கையெழுத்துப் போடத் தயார் என்றால் கூட்டு மனுவும் போடலாம், பிரிந்திருப்பதை மறைக்காமல் சொல்லி.

கொடுமைக்கு ஆளானவர்களுக்கு இன்னும் சில பாதுகாப்புகள் உண்டு. விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்களுக்கு ஐ-751 கட்டணமும் இல்லை. மனுவில் சொன்ன விவரங்களைக் கொடுமை செய்தவருக்குத் தெரிவிக்கக் கூடாது என்று அதிகாரிகளுக்குச் சட்டத் தடை இருக்கிறது. போலீஸ் புகார் இல்லை என்பதற்காகக் கைவிட வேண்டாம். டாக்டரிடம் காட்டிய பதிவு, கவுன்சலர் கடிதம், விஷயம் தெரிந்த தோழியின் வாக்குமூலம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாமே ஆதாரம்தான். அமெரிக்காவில் தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. 24 மணி நேரமும் அழைக்கலாம்.

இந்தியாவில் இருக்கும்போது தேதி தாண்டினால்?

சென்னை ஏர்போர்ட் கவுண்டரிலேயே பிரச்னை ஆரம்பிக்கும். காலாவதியான 2 வருடக் கார்டை மட்டும் காட்டினால், அதோடு நீட்டிப்புக் கடிதம் இல்லை என்றால், விமான நிறுவனம் ஏற்றாது. நீங்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தாலும் ஐ-751 அனுப்பலாம். தேதி நெருங்குகிறது, ஊரில் மாட்டிக்கொண்டீர்கள் என்றால் அங்கிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள், அமெரிக்காவில் இருப்பவர் சேர்த்துப் போட்டுக்கொள்ளட்டும். கைரேகைக்கும் நேர்காணலுக்கும் பிறகு அங்கே போக வேண்டியிருக்கும்.

தேதி தாண்டி மாதக்கணக்கில் வெளியே இருந்துவிட்டவர்களுக்கு வேறொரு வழி: துணை புதிதாக மனு போட்டு, குடியேற்ற விசாவை முதலிலிருந்து வாங்குவது. நேரமும் பணமும் பிடிக்கும். ஒரே ஆறுதல், இந்தமுறை கல்யாணத்துக்கு 2 வயது தாண்டியிருக்கும் என்பதால் நேராக 10 வருடக் கார்டு கிடைக்கும், ஐ-751 தேவைப்படாது.

அமெரிக்காவுக்குள் இருப்பவர்கள் தேதி தாண்டிய பதற்றத்தில் "ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிடக் கூடாது. சட்டபூர்வ அந்தஸ்து இல்லாமல் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருடமும், ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் தங்கியிருந்தால் 10 வருடமும் திரும்பி வரத் தடை விழக்கூடும். டிக்கெட் போடுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தை மறக்காதீர்கள்

முந்தைய திருமணத்தில் பிறந்த குழந்தையும் கூடவே நிபந்தனை கிரீன் கார்டில் வந்திருந்தால், பெற்றோருக்கு அந்தஸ்து கிடைத்த அதே நாளில் அல்லது அதிலிருந்து 90 நாளுக்குள் குழந்தைக்கும் கிடைத்திருந்தால் ஒரே மனுவில் சேர்க்கலாம். அதற்குப் பிறகு வந்த குழந்தைக்குத் தனி மனு, தனிக் கட்டணம்.

மனு நிராகரிக்கப்பட்டால்?

ஐ-751 நிராகரிப்புக்கு நேரடி மேல்முறையீடு கிடையாது. ஆனால் குடிவரவு நீதிமன்றத்தில் நீதிபதியிடம் மறுபரிசீலனை கேட்கலாம், புதிய ஆதாரங்களையும் அங்கே கொடுக்கலாம். இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போவது பெரிய ரிஸ்க். அரசு உங்களுக்கு வழக்கறிஞர் வைத்துத் தராது. கட்டணமில்லாமல் அல்லது குறைந்த கட்டணத்தில் வாதாடுபவர்களின் பட்டியலை அமெரிக்க நீதித்துறை தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 'நோட்டரி' என்று போர்டு வைத்திருப்பவர் வழக்கறிஞர் அல்ல, அவரிடம் சட்ட ஆலோசனை கேட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

கல்யாணமே பொய் என்று தெரியவந்தால் கதை வேறு. குடிவரவுச் சட்டத்தை ஏமாற்றச் செய்யும் திருமணத்துக்கு 5 வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரோடு சேர்ந்து வாழ்பவர்கள் கிரீன் கார்டு கிடைத்து 3 வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஐ-751 இன்னும் முடிவாகாமல் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுவாக ஐ-751 முடிவானால்தான் குடியுரிமை கைக்கு வரும். ஐ-751 போடாமலேயே தாண்டிக் குதித்துவிடலாம் என்று நினைத்தால் அந்த நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

கார்டு வீட்டில்தான் இருக்கும். இப்போதே எடுத்து, காலாவதி தேதிக்கு 90 நாள் முன்பு ஒரு அலாரம், 60 நாள் முன்பு இன்னொன்று என்று இரண்டு பேர் போனிலும் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே தேதி தாண்டியிருந்தால், இன்று ராத்திரியே அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுத உட்காருங்கள்.